கையில் வாங்காத லெட்டர்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் நாற்பத்தைந்து நாள் ஈட்டிய விடுப்பு. மற்றவர்கள் லீவை வெட்டியே பழகிய பேனா இது. சொந்த லீவைப் பற்றி எழுதச் சொன்னால் மக்கர் செய்கிறது.

காரணத்தை முதலில் எழுதிவிடுகிறேன். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. எடுக்காத லீவு ஏராளமாகக் கிடக்கிறது. போன வாரம் பிரஷர் பார்த்த டாக்டர், "கொஞ்ச நாள் வேலைய மறந்துட்டு இருங்க சார்" என்றான். மீசை சரியாக முளைக்காத டாக்டர். எங்கள் மேனேஜரும், "எடுத்துக்கிடுங்க நயினார், நீங்க எடுக்காம வேற யாரு எடுப்பா" என்று ரொம்பக் கரிசனமாகச் சொன்னார். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

டிப்போவில் டூட்டி போடும் ஜன்னலில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நூற்று நாற்பது டிரைவர், அதே அளவு கண்டக்டர், அறுபத்தெட்டு பஸ். நாளைக்கு யார் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று தினமும் மூன்று மணிக்குமேல் எழுதி ஒட்டுவது என் வேலை. லீவு கேட்கிறவர்களும் அந்த ஜன்னலுக்குத்தான் வந்தாக வேண்டும். எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிடையாது'. "கிடையாது வந்துட்டாரா?", "கிடையாது இன்னைக்கு என்ன மூடு?" என்று பேசிக்கொள்வார்கள். என் காதில் விழாது என்று நினைப்பு. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒழுங்காக வேலை பார்க்கிறவனுக்குத்தான் பட்டப்பெயர் வரும்.

நான் கேட்ட பொய்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வண்டி லோடு வரும். ஒரு டிரைவருக்கு மாமியார் மட்டும் மூன்று தடவை செத்துப்போனார். மூன்றாம் தடவை, "அந்தம்மாவ இனிமேலாவது உடம்பப் பாத்துக்கிடச் சொல்லும் வே" என்றேன். ஒருத்தனுக்கு வருஷத்தில் நான்கு காதுகுத்து. அவன் பிள்ளைகளுக்கு எத்தனை காது என்று எனக்குத் தெரியவில்லை.

என் இடத்தில் பெனிட்டா என்று ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான். குற்றால சீசன் வேறு ஆரம்பிக்கிறது, ஸ்பெஷல் வண்டிகள் ஓடும். புதன்கிழமைக்குள் எனக்குப் போன் வரும்.

வடிவு காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "நாப்பத்தஞ்சு நாளும் இந்த நாற்காலியிலதானா?" என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் கேட்கிற கேள்வி.

ஜூன் 4, செவ்வாய்

எங்கள் தெருமுனையில் 6.10க்கு வர வேண்டிய டவுன் பஸ் 6.10க்கே வந்தது. தற்செயல்.

7.25 வண்டி 7.24க்கு வந்தது. முன்னால் வருவதும் தப்புதான். குறித்து வைத்திருக்கிறேன்.

"பால் வாங்கப் போனா பால வாங்கிட்டு வரணும். பஸ் ஸ்டாப்புல நின்னு டிரைவர முறைச்சா அந்த மனுசன் எப்படி வண்டி ஓட்டுவாரு?" என்கிறாள் வடிவு.

ஜூன் 6, வியாழன்

போன் வரவில்லை. கெட்டுப்போயிருக்குமோ என்று வடிவை அவள் போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன். நன்றாக அடிக்கிறது.

பதினொரு மணிக்கு நானே டிப்போவுக்கு அடித்தேன். பெனிட்டாதான் எடுத்தாள்.

"நல்லா இருக்கீங்களா சார்? இங்க ஒரு பிரச்சினையும் இல்ல சார். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

"எத்தன வண்டி ஆள் இல்லாம நிக்குது?"

"ஒண்ணும் நிக்கல சார்."

"லீவு?"

"இன்னைக்கு ஆறு பேரு கேட்டாங்க. நாலு பேருக்குக் குடுத்தேன். ரெண்டு பேரு நாள மாத்திக்கிட்டாங்க."

"ஒருநாள்ல நாலு பேருக்கா?"

"லெட்டர் குடுத்தாங்க சார். வாங்கி, சீல் வச்சு, நம்பர் போட்டு, அவங்ககிட்டயும் ஒரு காப்பி குடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இந்த வேலையின் முதல் பாடமே அவளுக்குத் தெரியவில்லை. லீவு லெட்டரைக் கையில் வாங்கவே கூடாது. வாங்கினால்தானே மறுக்க வேண்டும், மறுத்தால்தானே காரணம் எழுத வேண்டும். நீட்டுகிற கையைத் தாளோடு அப்படியே பின்னால் தள்ளிவிட வேண்டும். வாங்காத லெட்டர் எழுதாத லெட்டருக்குச் சமம். பதினோரு வருஷமாக என் மேஜையில் ஒரு பிரச்சினையும் வராததற்கு இதுதான் ரகசியம். எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் செய்தார்.

ஒரு மாதத்தில் ஒவ்வொரு டிரைவரும் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பான். அப்போது தெரியும்.

ஜூன் 9, ஞாயிறு

மேனேஜர் வீட்டுக்கு வந்தார். கையில் ஆறு ஆப்பிள். உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். ஆப்பிளோடு வருகிற மேலதிகாரியை நம்பக்கூடாது.

இசக்கிமுத்து விவகாரத்துக்கு விசாரணை வைத்துவிட்டார்களாம். அதை இங்கே எழுதவில்லை. எழுத அவசியம் இல்லை என்று நினைத்தேன். இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

இசக்கிமுத்து பத்தொன்பது வருஷ சர்வீஸ் உள்ள டிரைவர். போன மாதம் வைகாசி விசாகத்தன்று திருச்செந்தூர் ஸ்பெஷல் ஓட்டிக்கொண்டு போனவனுக்கு வழியில் நெஞ்சுவலி வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறான். ஆனாலும் வண்டி ஒரு வேப்ப மரத்தில் உரசிவிட்டது. அறுபது பேரில் ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இசக்கிமுத்துவும் பிழைத்துக்கொண்டான். ரத்தக்குழாயில் ஏதோ வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டில் எவனோ, 'இரண்டு நாட்களாக வலி இருந்துள்ளது' என்று எழுதித் தொலைத்துவிட்டான். இரண்டு நாளாக வலி இருந்தால் ஏன் வண்டி எடுத்தான்? டிப்போவில் சொன்னானா? சொல்லியும் அனுப்பினார்கள் என்றால் தப்பு டிப்போவுடையது. சொல்லாமல் மறைத்து ஓட்டினான் என்றால் தப்பு அவனுடையது, வேலை போகும்.

மேனேஜர் ஒரு தாளை டைப் செய்தே கொண்டுவந்திருந்தார். 'விசாகத்துக்கு முந்தைய நாள் பணி ஒதுக்கும்போது ஓட்டுநர் இசக்கிமுத்து தமது உடல்நலக் குறைவு பற்றி வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ என்னிடம் தெரிவிக்கவில்லை.' கீழே என் பெயர், பதவி, கையெழுத்துக்கு இடம்.

"இருபத்தாறாம் தேதி விசாரணைக்கு வந்து அதிகாரி முன்னால ஒரு கையெழுத்து. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு ஒரு மெமோ வந்தா நல்லாவா இருக்கும்? கடைசி நாள்ல மாலை போடுறதுக்குப் பதிலா சஸ்பென்ஷன் ஆர்டர் குடுத்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எனக்கே தெரிந்த மூன்று பேருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒருத்தருக்கு மண்டபம் எல்லாம் பிடித்த பிறகு.

மேனேஜர் போனதும் வடிவு அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். "அவரு சொல்லலையா?" என்று கேட்டாள். "தாள்ல அப்படித்தான இருக்கு" என்றேன்.

ஜூன் 10, திங்கள்

சாம்பாரில் உப்பு இல்லை. கேட்டதற்கு, "வாய்மொழியாவோ எழுத்து மூலமாவோ உப்பு வேணும்னு நீங்க சொல்லல" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

நடந்தால் பிரஷர் குறையுமாம். நகராட்சிப் பூங்காவில் காலையில் நடக்கிறேன். ரிட்டயர் ஆனவர்களின் மாநாடு அங்கே தினமும் நடக்கிறது. ஒருவர் ரிட்டயர்ட் தாசில்தார். யாராவது வணக்கம் சொன்னால் மனு கொடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்து இன்னமும் கையை நீட்டுகிறார். இன்னொருவர் கூட்டுறவு வங்கிக்காரர். கை தட்டிச் சிரித்தால் ஆயுசு கூடும் என்று காலங்காத்தால பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி ஹோ ஹோ என்று கத்த வைக்கிறார். எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். காரணம் இல்லாமல் சிரிக்க வேண்டுமாம். நான் காரணம் இருந்தே சிரிக்காதவன்.

இரண்டு வருஷத்தில் இந்தக் கூட்டத்தில் நானும் சேர வேண்டும். அதற்கு டிப்போவிலேயே விழுந்து சாகலாம்.

தாசில்தார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க டிப்போவுலதான அண்ணாச்சி, அந்த நெஞ்சுவலி டிரைவரு? லீவு குடுக்காம அனுப்பிட்டாங்கன்னு சொல்லுதாங்களே, நெசமா?" என்று கேட்டார்.

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது."

ஊருக்கு வேறு வேலை இல்லை. நாளை முதல் மொட்டை மாடியிலேயே நடப்பதாக உத்தேசம்.

ஜூன் 16, ஞாயிறு

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. வடிவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். என் கையெழுத்து அவளுக்குப் புரியாது. அதனால் எழுதுகிறேன்.

விசாகத்துக்கு முந்தின நாள். மூன்றரை மணி இருக்கும். இருபத்திரண்டு ஸ்பெஷலுக்கு ஆள் போட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே சந்தைக்கடை மாதிரி சத்தம். நான் குனிந்து சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பிக்கு நடுவில் ஒரு கை வந்தது. மடித்த வெள்ளைத்தாள்.

"சார், நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கு."

"விசாகம் முடியட்டும்" என்றேன். கையைத் தாளோடு பின்னால் தள்ளினேன். கை கொஞ்ச நேரம் கம்பியிலேயே இருந்தது. அப்புறம் போய்விட்டது.

நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் அப்புறம் பேச்சு நீளும். வேலை ஓடாது.

மறுநாள் இசக்கிமுத்து விழுந்தான் என்று செய்தி வந்தபோது அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாராக இருக்க முடியும்?

ஆனால் ஒன்று. விசாகம், சஷ்டி, தீபாவளி, பொங்கல் என்று வந்தால் ஒவ்வொரு டிரைவருக்கும் நெஞ்சு அடைக்கும், வயிறு வலிக்கும், மூட்டு பிடிக்கும். நூறு பேர் புலி வருகிறது என்று கத்தினால் நூற்றியோராவது ஆளை எப்படி நம்புவது? என் இடத்தில் அந்த மேனேஜர் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். பத்து வண்டி நின்றால் அவர் என்னைத்தான் மென்று துப்புவார்.

அவனிடம் ஆதாரமும் இல்லை. தாளை நான் வாங்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன். வடிவு கேட்கவில்லை. நானாகத்தான்.

ஜூன் 19, புதன்

மத்தியானம் வெளியே போன வடிவு ஐந்து மணிக்கு வந்தாள். கோயிலுக்கா என்றேன். இல்லையாம். இசக்கிமுத்து வீட்டுக்காம்!

எனக்கு வந்த கோபத்துக்குப் பிரஷர் மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கிறது, எதிராளி வீட்டுக்கு என் பெண்டாட்டியே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகிறாள். மேனேஜருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்?

"எதிராளியா? அவரு உங்களுக்கு என்ன எதிராளி?" என்றாள். "ஆளு பாதியாப் போயிட்டாரு. மாடிப்படி ஏறக் கூடாதாம். மூத்த பொண்ணு பன்னெண்டாப்பு. அவரு பெண்டாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. வேலைய மட்டும் பிடுங்கிராம இருந்தாப் போதும்னு."

"என்னப் பத்தி என்ன சொன்னான்?"

"ஒரு வார்த்த சொல்லல. சாருக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு."

இது ஒரு தந்திரம். எனக்குத் தெரியாதா? இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

"எங்க போறன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றேன்.

"சொல்லிட்டுத்தான் போனேன். நீங்க பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தீங்க. நிமிரல."

ஜூன் 22, சனி

தூக்கமில்லை. மாத்திரையை மாற்றச் சொல்ல வேண்டும்.

6.10 வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. இருபது நாளாக ஒரு நாளும் தவறவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பழமொழியைச் சொல்லும்போது நாம் பூனையாக இருப்போம் என்று யாரும் நினைப்பதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மேனேஜர் போன். "பத்து மணிக்கு வந்துருங்க. பேண்ட் சட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிடுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அவன் கேட்டேன் என்பான். நான் இல்லை என்பேன். அவனுக்குச் சாட்சி இல்லை. எனக்கு மேனேஜர் இருக்கிறார். சட்டையை நானே அயர்ன் செய்தேன், காலரைக் கருக்கிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோட்ட அலுவலகத்தில் இரண்டாம் மாடி. நெஞ்சில் குழாய் வைத்தவனை இரண்டு மாடி ஏறவைத்து, நெஞ்சுவலியை ஏன் மறைத்தாய் என்று விசாரிக்கிறார்கள். எங்கள் நிர்வாகத்தைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல? இசக்கிமுத்து ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தான். சட்டை தொளதொளவென்று கிடந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் ஃபைலைப் பார்த்தேன். அது என் ஃபைல்கூட இல்லை.

விசாரணை அதிகாரிக்கு, வடைக்குச் சட்னி வரவில்லை என்ற கவலையிலிருந்து மீள்வதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு இசக்கிமுத்துவைக் கேட்டார்.

"ரெண்டு நாளா வலி இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கீங்க. டூட்டிக்கு முந்தி யார்கிட்டயாவது சொன்னீங்களா? லீவு கேட்டீங்களா?"

கேட்டேன் சார், இதோ இவர்கிட்டதான் என்று விரலை நீட்டப்போகிறான் என்று உட்கார்ந்திருந்தேன்.

"இல்ல சார். கேக்கல."

மேனேஜர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"ஏன் கேக்கல?"

"கேக்கணும்னுதான் சார் போனேன். லெட்டர்கூட எழுதி வச்சிருந்தேன். எனக்கு முன்னால இன்னொரு டிரைவரு ஜன்னல்ல நின்னு, நெஞ்சு அடைக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. சார் அவரு கையத் தள்ளிவிட்டுட்டாரு. அவரு எனக்கு ரொம்ப சீனியரு. அவருக்கே கிடையாதுன்னா எனக்கா கிடைக்கப் போவுது? லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அந்த டிரைவர் யாரு?"

"அது எதுக்கு சார்? அவரும் அங்க வேலை பாக்கணும்லா."

அதிகாரி பேனாவை மூடினார். ஆக, ஓட்டுநர் யாரிடமும் தெரிவிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார் என்றார். டைப் செய்த தாள் என் முன்னால் வந்தது. மேனேஜர் பேனாவையே திறந்து கொடுத்தார்.

இரண்டு வாரமாக நான் எதைப் பொய் என்று நினைத்துப் புரண்டுகொண்டிருந்தேனோ அந்தத் தாளில் இருப்பது அத்தனையும் சத்தியம். இசக்கிமுத்து என்னிடம் தெரிவிக்கவில்லை. வாய்மொழியாகவும் இல்லை, எழுத்து மூலமாகவும் இல்லை. தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். மாலை, மண்டபம், மரியாதை எல்லாம் பத்திரம். அவனுக்கு வேலை போய்விடும், அவ்வளவுதான்.

என்னால் போட முடியவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவன் என்னிடம் கேட்டு நான் மறுத்திருந்தால், ஏதோ அன்றைக்கு ஒரு தப்பு நடந்துவிட்டது என்று போயிருக்கும். அவன் கேட்கவே இல்லை. கேட்டுப் பிரயோஜனம் இல்லாத ஆள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அது ஒரு நாள் தப்பில்லை. பதினோரு வருஷத் தப்பு.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். 'அன்று ஒரு டிரைவர் நெஞ்சு அடைப்பதாகச் சொல்லி லீவு லெட்டர் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் யார் என்று பார்க்கவும் இல்லை. பதினோரு வருஷமாக நான் லீவு லெட்டர்களைக் கையில் வாங்குவதில்லை. அதைப் பார்த்துத்தான் இசக்கிமுத்து கேட்காமல் திரும்பியிருக்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை.' கையெழுத்து, தேதி.

அதிகாரி படித்துவிட்டு, "இது உங்களுக்கே வினையாகும், தெரியுதா?" என்றார். மேனேஜர் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல ஆகிவிட்டது. கொடுத்த ஆப்பிளைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்றிருந்தது.

வெளியே வராந்தாவில் இசக்கிமுத்து சுவரைப் பிடித்தபடி நின்றான். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். நன்றி என்றுகூட எதிர்பார்த்தேன். நான் அப்படிப்பட்ட மடையன்தான்.

"இப்ப எழுதுன கை அன்னைக்கு வாங்கியிருக்கலாம்லா சார்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. படியைப் பார்த்து இறங்க ஆரம்பித்தான். கையைப் பிடித்து இறக்கிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் இரண்டு படி இறங்கிவிட்டான்.

ஜூன் 27, வியாழன்

வடிவிடம் சொன்னேன். மத்தியானம் வாழைக்காய் வறுவல் வைத்தாள்.

ஜூன் 28, வெள்ளி

நேற்றுப் புரியாதது இன்று காலை 6.10 வண்டியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்தக் கை இசக்கிமுத்துவுடையது இல்லை. அப்படியானால் நெஞ்சு அடைக்கிற ஒரு டிரைவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். விசாகம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவருக்குப் பின்னால் தினமும் அறுபது பேர் உட்கார்ந்து போகிறார்கள்.

பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். நெஞ்சுவலி என்று யாராவது லெட்டர் கொடுத்தார்களா, பெயர் என்ன என்று கேட்டேன்.

"மன்னிக்கணும் சார். அது அவங்க சொந்த விஷயம். சொல்ல முடியாது."

மூன்று வருஷ சர்வீஸ். என்னிடம் முடியாது என்கிறாள்! நான் திட்ட வாய் திறந்து மூடிக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிரைவருக்குப் பக்கத்து சீட். காலையிலிருந்து ஏழு வண்டி. எல்லாரையும் கேட்டேன். விசாகத்துக்கு முந்தின நாள் ஜன்னலில் நெஞ்சு அடைக்கு என்று சொன்னது நீங்களா? உடம்பு எப்படி இருக்கிறது?

"நல்லா இருக்கேன் சார்."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

"நான் எப்ப சார் லீவு கேட்டேன்? நான் லீவே கேக்க மாட்டேன் சார்." இதைச் சொன்னவன் மாமியாரை மூன்று தடவை கொன்றவன்.

ஜூலை 3, புதன்

பதினோரு வண்டி. எல்லாரும் கல்லுமாதிரி இருக்கிறார்களாம். ஒருவர் என்னைப் பார்த்ததும் இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமுங்கள் வே, நான் லீவில் இருக்கிறேன் என்றேன். அப்போதும் இருமவில்லை.

ஜூலை 5, வெள்ளி

எனக்குச் சார்ஜ் மெமோ வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நல்ல சேதியா அண்ணாச்சி?" என்றார்.

இசக்கிமுத்துவுக்கு வேலை போகாதாம். ஆறு மாதம் ஓய்வு, அப்புறம் டிப்போவுக்குள்ளேயே லேசான வேலை. வடிவுக்கு அவன் பெண்டாட்டி போனில் சொல்லியிருக்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலை 8, திங்கள்

இன்று 6.10 வண்டியில் ஏறினேன். சுடலைமணி ஓட்டினார். ஐம்பத்தாறு வயது, பெரிய மீசை, பேச்சு குறைவு. டவுனைத் தாண்டும் வரை ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். அவரே ரோட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"ஒரு வாரமா வண்டி வண்டியா ஏறித் தேடுதீங்களாம்லா."

"ஆமா. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"டிப்போவுல எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்."

"சொல்லாட்டிப் போங்க. அவரு ஆஸ்பத்திரிக்குப் போனாரா? அத மட்டும் சொல்லுங்க."

"போனாரு. நீங்க லீவுல போன மறுநாளே லெட்டர் குடுத்து லீவு எடுத்தாரு. நாலு நாள் படுத்துக் கிடந்து எல்லா டெஸ்டும் எடுத்துட்டு வந்துட்டாரு. இப்ப மாத்திரையில நல்லா இருக்காரு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினோரு வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து நான் ஒருவரையும் பிழைக்க வைக்கவில்லை. எழுந்து போனேன், ஒருவர் பிழைத்துக்கொண்டார். இதைவிட ஒரு மனுஷனை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே வே, இந்த ஒரு வாரத்துல. நான் என்ன, அவருக்கு மெமோவா போடப்போறேன்?"

"நீங்க திரும்பி வந்துருவீங்கள்லா சார்."

அடுத்த ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். சுடலைமணி கியரை மாற்றிவிட்டுக் கேட்டார்.

"இன்னும் எத்தன நாள் சார் லீவு இருக்கு?"

"ஒன்பது நாள்."

எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழி விட்டார். பிறகு ரொம்பத் தயங்கி, ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்கள் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"கொஞ்சம் நீட்ட முடியாதா சார்?"

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்கிறார். ரிட்டயர் ஆகும் வரைக்கும் நீட்டுகிறேன் என்று சொன்னேன். பதினோரு வருஷத்தில் என்னிடம் லீவு கேட்டு, கேட்டதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு போன ஒரே டிரைவர் அவர்தான்.